உடம்புக்காகவா, ஆசைக்காகவா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் மட்டும் படியுங்கள்.

நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் டென்னிஸ் ராக்கெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு போட்டிக்குப் போகும் ஆண்களைப் பற்றி ஊரில் இரண்டே அபிப்பிராயம்தான் உண்டு. "இந்த வயசுல இவனுக்கு எதுக்கு இது? கால உடைச்சுக்கிட்டு வந்து நிக்கப் போறான்" என்பது ஒன்று. "சூப்பர் சார், உடம்புதான் மூலதனம்" என்பது இன்னொன்று. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. முதலாவதில் கொஞ்சம் பொறாமை இருக்கிறது, அதை விட்டுவிடலாம். இரண்டாவதில் ஒரு சின்னப் பொய் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எனக்கு இதில் என்ன அனுபவம் என்று கேட்பீர்கள். என் மகனுக்கு 46 வயது. கோவையில் வங்கி வேலை. கல்லூரியில் ஆடினான், கல்யாணம், குழந்தை, டிரான்ஸ்பர் என்று பத்துப் பன்னிரண்டு வருடம் விட்டுவிட்டு, 39 வயதில் மறுபடி ஆரம்பித்தான். இப்போது 45 வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் போட்டிகளுக்குப் போகிறான். ஓய்வு பெற்றபின் நான் அவர்களோடுதான் இருக்கிறேன். அவனிடமும் மருமகளிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுதுங்கம்மா, ஆனா தோத்த ஸ்கோரெல்லாம் போடாதீங்க" என்றான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூத்தோர் டென்னிஸ் என்பது பூங்காவில் பந்து தட்டுகிற சமாச்சாரம் கிடையாது. 35, 40, 45 என்று ஐந்தைந்து வயதாகப் பிரிவு வைத்து, ஒற்றையர், இரட்டையர் என்று முறையாக நாக்-அவுட் போட்டி நடக்கிறது. எண்பது வயதைத் தாண்டியவர்களுக்குக்கூட உலக அளவில் பிரிவு இருக்கிறது. இதற்குத் தயாராக வாரத்தில் ஐந்து நாள், காலை ஐந்தரை முதல் ஏழரை வரை கோர்ட். மாதத்தில் ஒன்றிரண்டு சனி, ஞாயிறு வெளியூர். மூன்று பந்து கொண்ட டப்பா ஒன்று இரண்டு மூன்று மேட்சுக்குமேல் தாங்காது, பந்து துள்ளல் போய்விடும். ராக்கெட் நரம்பு அறுந்தால் மாற்ற வேண்டும். நுழைவுக் கட்டணம், ரயில், லாட்ஜ். இதெல்லாம் நடுத்தரக் குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை.

இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு காரணம் சொல்கிறார்கள். "உடம்புக்காக." என் மகன் மட்டுமில்லை, அவன் கூட ஆடுகிற அத்தனை பேரும் வீட்டில் இதைத்தான் சொல்கிறார்கள்.

உடம்புக்கு எவ்வளவு வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இருக்கிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. வேகமாக நடந்தாலே போதும். மூச்சு வாங்குகிற கடுமையான பயிற்சி என்றால் அதில் பாதி, 75 முதல் 150 நிமிடம். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி. அவ்வளவுதான். வீட்டுக்கு வெளியே தெருவில் நடந்தே இதை முடித்துவிடலாம், காசும் வேண்டாம்.

என் மகன் ஆடுவது வாரத்துக்கு 600 நிமிடம். போட்டி நாட்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. மிச்சம் இருக்கிற நிமிடமெல்லாம் எதற்காக?

உடனே வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தச் செய்தியை எடுத்துக் காட்டுவார்கள். டென்னிஸ் ஆடினால் பத்து வருடம் கூடுதலாக வாழலாம் என்பது. முழுப் பொய் இல்லை அது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் எட்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் பேரை 25 ஆண்டுகள் வரை கவனித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருப்பவர்களோடு ஒப்பிட்டால் டென்னிஸ் ஆடுபவர்களுக்கு 9.7 ஆண்டு, பேட்மின்டனுக்கு 6.2, கால்பந்துக்கு 4.7, சைக்கிளுக்கு 3.7, நீச்சலுக்கு 3.4, மெதுவோட்டத்துக்கு 3.2, ஜிம்முக்கு 1.5 ஆண்டு ஆயுள் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் விளையாட்டுத்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். வகுப்பில் ஷூ போட்டு வரும் பிள்ளைகள் அதிக மார்க் வாங்குகிறார்கள் என்றால் ஷூவா வாங்கிக் கொடுத்தது? ஷூ வாங்க முடிந்த வீட்டில் வேறு பல வசதிகளும் இருக்கும். டென்னிஸ் ஆட நேரமும் பணமும் இருப்பவருக்கும் அப்படித்தான்.

அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. மேலே இருக்கும் மூன்றும் இன்னொரு ஆள் இல்லாமல் ஆட முடியாத விளையாட்டுகள். கடைசியில் இருக்கும் ஜிம்முக்குத் தனியாகப் போகலாம். கூட ஒரு ஆள் காத்துக்கொண்டிருப்பது ஆயுளுக்கு நல்லதாக இருக்கலாம் என்று அவர்களும் யோசிக்கிறார்கள். கோர்ட்டில் ஆளுக்காகக் காத்திருக்கும் அந்த அருமை வீட்டிலும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, அதற்கு வருகிறேன்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். போட்டி டென்னிஸ் 45 வயது உடம்பைத் தேற்றுவதைவிட, தேறிய உடம்பைக் கேட்கிறது. முப்பதுக்கு மேல் தசை மெதுவாகக் குறைந்துகொண்டே வருகிறது. அந்த நிலையில் சட்டென்று பாய்ந்து, சட்டென்று நின்று, திரும்பி ஓடுகிற ஆட்டம் இது. கெண்டைக்கால் சதை இழுத்துக்கொள்ளும். குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் அறுந்து போனவர்கள் உண்டு. தோள்பட்டை, முழங்கால், முழங்கை எல்லாம் மாறி மாறி வலிக்கும். டென்னிஸ் எல்போ என்ற முழங்கை வலி பெரும்பாலும் வருவது 35-லிருந்து 55-க்குள்தான். (வேடிக்கை என்னவென்றால் அந்த வலி வருகிறவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் ராக்கெட்டைத் தொட்டதே இல்லை. துணி பிழிகிறவர்களுக்கும் கரும்பலகையில் எழுதுகிறவர்களுக்கும் வரும். எனக்கு இருந்தது.) வாரத்தில் இரண்டு நாள் கால், இடுப்பு, தோளுக்குப் பலப்பயிற்சி செய்யாமல் நேராக மேட்சுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. மே மாத வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு மூன்றாவது செட் ஆடுவது எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்த மருந்து இல்லை. நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் ஸ்கோர் என்ன என்று பார்க்காமல் நிறுத்திவிட வேண்டும்.

ஆகவே, உடம்புக்காக என்பது பாதி உண்மைகூட இல்லை. ஆசைக்காக என்பதுதான் உண்மை. ஜெயிக்க வேண்டும், இன்னும் நம்மால் முடிகிறது என்று காட்ட வேண்டும், டிராவில் தன் பெயரைப் பார்க்க வேண்டும். அந்த ஆசை தப்பா? என்னைக் கேட்டால் தப்பே இல்லை. 46 வயதில் ஒரு மனிதனுக்கு வீட்டுக் கடன், மேலதிகாரி, டார்கெட், பிள்ளைகளின் ஃபீஸ் தவிர வேறு ஏதாவது ஆசை உயிரோடு இருக்கிறது என்றால் நான் சந்தோஷப்படுவேன்.

ஆனால் அதற்கு உடம்பு என்று பெயர் வைத்துவிட்டால் வீட்டில் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆரோக்கியம் என்பது சாமி காரியம் மாதிரி. யாரும் எதிர்த்துப் பேச முடியாது. "போகாதீங்க" என்று சொல்லும் மனைவி, கணவனின் உடம்பைப் பற்றிக் கவலைப்படாதவள் ஆகிவிடுகிறாள். ஆசை என்று சொல்லிவிட்டால் அப்படி இல்லை. எவ்வளவு, எப்போது, எத்தனை ரூபாய்க்கு என்று கேட்கலாம். முக்கியமாக, "சரி, என் ஆசை?" என்று திருப்பிக் கேட்கலாம்.

காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று டென்னிஸ் ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. அவர்கள் அங்கே இல்லை. பால் காய்ச்சி, இரண்டு விதமாகச் சாப்பாடு செய்து (பெரியவளுக்குத் தயிர் சாதம் ஆகாது), நான்கு டிபன் பாக்ஸ் கட்டி, சின்னவனை மூன்று தடவை எழுப்பி, யூனிஃபார்ம் தேடி, வேலைக்கார அம்மா வராவிட்டால் பாத்திரமும் கழுவி, ஏழே முக்காலுக்கு ஸ்கூல் வேன். எட்டே காலுக்கு மருமகளும் வேலைக்குக் கிளம்ப வேண்டும். இதில் ஒரு கை என்னுடையது. ஏழே முக்காலுக்கு, வியர்வையோடும் சிரித்த முகத்தோடும் ஒருவர் உள்ளே வந்து "டிபன் ரெடியா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? கேட்பவர் நல்லவர்தான். காலையில் இரண்டு மணி நேரம் சந்தோஷமாக இருந்தவர் யாருமே நல்லவராகத்தான் இருப்பார்.

சனி, ஞாயிறு போட்டியில் இன்னொரு சிக்கல். எப்போது திரும்பி வருவான் என்று சொல்ல முடியாது. தோற்றால் மதியமே வீடு. ஜெயித்தால் ஞாயிறு ராத்திரி. ஒருமுறை பேத்தி என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்: "பாட்டி, அப்பா ஜெயிக்கணும்னு வேண்டிக்கவா, தோக்கணும்னு வேண்டிக்கவா? தோத்தா சாயங்காலம் சினிமா போலாம்." என்ன பதில் சொல்வது?

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மருமகள் இந்தக் கணக்கைக் கேட்டாள். சண்டையாக இல்லை. துணி மடித்துக்கொண்டே, "ஏனுங்க, வாரத்துக்கு நூத்தம்பது நிமிஷம்னுதான டாக்டர் சொன்னாரு? நீங்க அறுநூறு நிமிஷம் ஆடறீங்க. அதுல என் நூத்தம்பது எங்க இருக்குது?" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் பேப்பரைப் பார்த்தேன்.

அவள் பள்ளியில் டெனிகாய்ட் ஆடியவள். இளைஞர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ரப்பர் வளையத்தை வலைக்கு மேல் வீசி, எதிராளி ஒரு கையால் பிடித்து உடனே திருப்பி வீச வேண்டும். ரிங் டென்னிஸ் என்றும் சொல்வார்கள். அந்தக் காலத்துப் பெண்கள் பள்ளிகளில் இந்த வளையம் இல்லாத மைதானமே கிடையாது. அவள் மாவட்டப் போட்டி வரை போயிருக்கிறாள். அந்தச் சான்றிதழ் எங்கள் வீட்டு பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கிறது.

இங்கே ஆசிரியையாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த எங்களைப் போன்றவர்கள்தான் தொடக்கப் பள்ளிகளில் விளையாட்டு வகுப்பும் எடுத்தோம். எங்களுக்கென்று தனி பி.டி. வாத்தியார் இல்லை. கோ-கோவில், வளையத்தில், ஓட்டத்தில் பையன்களுக்குச் சமமாக நின்ற பெண் பிள்ளைகளை நான் முப்பது வருடம் பார்த்திருக்கிறேன். ஏழாவது, எட்டாவது வந்ததும் ஒவ்வொருத்தியாக மைதானத்திலிருந்து காணாமல் போவார்கள். "பெரிய மனுஷி ஆயிட்டா டீச்சர், இனிமே வெளாட்டுக்கெல்லாம் அனுப்ப வேண்டாம்" என்று அம்மாக்கள் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இப்போது நாற்பதுக்கு மேல் இருக்கும். மகன் ஆடிய இரண்டு மூன்று போட்டிகளுக்கு நானும் போயிருக்கிறேன். ஆண்கள் பிரிவுகளில் பெயர் எழுத இடமில்லை. பெண்கள் பிரிவில் நான்கு பேர் சேர்ந்தாலே பெரிது. திறமை குறைவாலா? 13 வயதில் நிறுத்தப்பட்டவள் 45-ல் எங்கிருந்து ஆரம்பிப்பாள்? அப்படியே ஆரம்பித்தாலும், காலை ஐந்தரை மணியை அவளுக்கு யார் கொடுப்பார்கள்?

ரோஹன் போபண்ணா 2024 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டத்தை 43 வயதில் வென்றதும் மகனின் குரூப்பில் ஒரு வாரம் அதே பேச்சு. முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோன மனிதர், ஐயங்கார் யோகாவால் சமாளித்து ஆடியவர். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அவருக்கு அது தொழில். நம் ஆட்களுக்கு அது ஆசை. சானியா மிர்சா 2018 அக்டோபரில் குழந்தை பெற்று, 2020 ஜனவரியில் திரும்பி வந்து முதல் போட்டியிலேயே ஹோபார்ட்டில் இரட்டையர் பட்டம் வாங்கினாரே, அதை அந்த குரூப்பில் யாராவது போட்டார்களா என்று கேட்டேன். "தெரியலம்மா" என்றான்.

இத்தனை சொன்னாலும், போட்டியை விட்டுவிடச் சொல்லும் கட்சியில் நான் இல்லை. காரணம் நடுவர் விஷயம். இந்த மாதிரிப் போட்டிகளில் ஆரம்பச் சுற்றுகளுக்கு நாற்காலி நடுவரோ கோட்டு நடுவரோ இருக்க மாட்டார்கள். தன் பக்கத்தில் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று ஆடுபவரே சொல்ல வேண்டும். சந்தேகமாக இருந்தால் எதிராளிக்குச் சாதகமாகத்தான் சொல்ல வேண்டும். சேலத்தில் ஒரு மேட்சில் ஸ்கோர் நெருக்கமாக இருந்தபோது கோட்டை ஒட்டி ஒரு பந்து விழுந்தது. நானும் பேத்தியும் அந்தக் கோட்டுக்கு நேராக உட்கார்ந்திருந்தோம், எங்களுக்கே சரியாகத் தெரியவில்லை. அவன் ஒரு நொடி நின்று, "குட்" என்று கையைக் காட்டினான். அந்த கேம் போயிற்று, பிறகு மேட்சும் போயிற்று. திரும்பி வரும்போது காரில் பேத்தி, "நீங்க அவுட்னு சொல்லியிருந்தா யாருக்குப்பா தெரியும்?" என்று கேட்டாள். அவன், "தெரியலேன்னா குட்னுதான்டா சொல்லணும்" என்று மட்டும் சொன்னான். நான் நீதிபோதனை வகுப்பில் எத்தனையோ கதை சொல்லியிருக்கிறேன். இந்த அளவுக்கு ஒன்றும் உள்ளே போயிருக்காது.

இன்னொன்று, அப்பா தோற்பதைப் பிள்ளைகள் பார்ப்பது நல்லது. நம் வீடுகளில் பிள்ளைகள் மட்டும்தான் பரீட்சை எழுதுகிறார்கள். பெரியவர்கள் எல்லோரும் திருத்துகிறவர்கள். 6-1, 6-2 என்று தோற்றுவிட்டு (ஸ்கோர் போட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளடா), எதிராளிக்குக் கை கொடுத்துவிட்டு, வெளியே வந்து நாலு இட்லி சாப்பிடுகிற அப்பாவைப் பார்க்கும் பிள்ளை, மாதத் தேர்வில் மார்க் குறைந்தால் கொஞ்சம் தைரியமாக வீட்டுக்கு வரும். ஆனால் இதற்கு அவர்கள் கோர்ட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். தனியாகப் போய்த் தனியாகத் தோற்று, வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அந்தப் பயன் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்கள் வீட்டில் என்ன மாறியது? பெரிய புரட்சி ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாயும் வியாழனும் காலையில் அவன் வீட்டில் இருக்கிறான், அவள் போகிறாள். பக்கத்து அப்பார்ட்மென்ட் பெண்கள் சேர்ந்து த்ரோபால் ஆடுகிறார்கள், அதில் சேர்ந்துவிட்டாள். முதல் மாதம் செவ்வாய்க்கிழமைகளில் டிபன் பாக்ஸில் என்ன இருக்கும் என்று பிள்ளைகளுக்கே ஆவல். இப்போது அவனுக்கு மூன்று விதச் சாதம் வருகிறது, தேங்காய்ச் சாதம் உண்மையிலேயே நன்றாக இருக்கும். வருடத்துக்கு ஆறு போட்டி என்று பேசி, ஃப்ரிட்ஜில் காலண்டர் ஒட்டியிருக்கிறது. பெரியவளுக்கு இந்த வருடம் பத்தாம் வகுப்பு, ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் ஒன்றும் இல்லை. இதில் அவனுக்கு நஷ்டம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. ஐந்து நாள் மூன்று நாளானதில் ஆட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. முன்பு காலிறுதி வரை போனவன் இப்போது இரண்டாவது சுற்றில் நிற்கிறான். இரட்டையரில் கூட ஆடிய நண்பர் வேறு ஜோடி தேடிக்கொண்டார். ஒரு வாரம் வாடித்தான் இருந்தான். ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்கினான் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. முன்பு அந்தக் கணக்கை வீட்டில் வேறு ஒருத்தி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டில் பெரியவங்க நீங்க இருக்கீங்களே, பார்த்துக்கலாமே" என்று சிலர் பின்னூட்டத்தில் எழுதுவீர்கள் என்று தெரியும். பார்த்துக்கொள்கிறேன், சந்தோஷமாகவே. ஆனால் தாத்தா பாட்டி இருப்பதை நம்பி இருவருமே காலையில் ராக்கெட்டும் பந்துமாகக் கிளம்பினால், அதுவும் அதே கணக்குத்தான், செலவு எழுதும் பக்கம் மட்டும் மாறுகிறது. என் முழங்காலுக்கும் வாரத்துக்கு 150 நிமிடம் நடை வேண்டுமாம்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு திருச்சியில் அவனுக்குப் போட்டி. அதே ஞாயிறு மருமகளின் த்ரோபால் குழுவுக்குப் பொள்ளாச்சியில் முதல் வெளியூர் மேட்ச். காலண்டரில் இரண்டு பேனாவில் இரண்டு வட்டம் போட்டிருக்கிறது. நேற்று ராத்திரி வரை முடிவாகவில்லை. இருவரும் என் பக்கம் திரும்புவதற்கு முன்பே, அன்றைக்கு என் 1989-ஆம் வருடத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சந்திப்பு வைத்திருக்கிறார்கள், நான் ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டேன்.